கொடியில் காயப்போட்ட பச்சைச் சட்டை

ஜூலை பிறந்தால் புராட்டஸ்டண்டுகள் வாழும் கிழக்கு பெல்ஃபாஸ்டில், நோர்மாவின் தெருமுனையில் மரப்பலகைச் சொக்கப்பனை கூரைகளுக்கு மேல் எழும்பிவிடும். உச்சியில் ஒரு கத்தோலிக்கன் பொம்மை, கொளுத்துவதற்கு. அதற்குத் தலை தைத்துக் கொடுப்பவள் திரைச்சீலைக் கடையில் வேலை பார்க்கும் நோர்மா. மற்ற மாதங்களில் அவளை யாரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை. ஜூலையில் மட்டும் அக்கா, அக்கா என்று வாசலுக்கு வருவார்கள். போன வருடப் பொம்மையின் மூக்கைக் கிறிஸ்துமஸ் வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அந்தப் பெருமை அவளுக்கு வேண்டியிருந்தது. இதை வெறுப்பு என்று அவள் நினைத்ததே இல்லை, திருவிழா என்றுதான் நினைத்தாள். எங்கள் ஊரே அப்படித்தான் நினைக்கிறது, வெட்கக்கேடு.

இந்த வருடம் தங்கை ஹெதர் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். ஹெதர் கட்டிக்கொண்டது ஒரு கத்தோலிக்கனை. தெருவுக்குத் தெரியாது. அவனும் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்ததால், அவர்களுடைய ஆறு வயது மகள் கீவா பெரியம்மா வீட்டுக்கு வந்தாள். பேரைக் கேட்டாலே கத்தோலிக்கப் பிள்ளை என்று இங்கே எல்லோருக்கும் விளங்கிவிடும்.

"யார் கேட்டாலும் ஏமின்னு சொல்லணும், என்ன?"

"நான் கீவாதானே பெரியம்மா?"

"சும்மா ஒரு விளையாட்டுடி தங்கம்."

"எனக்கு இந்த விளையாட்டு பிடிக்கல."

அப்பாவின் கால்பந்துச் சட்டையைக் கட்டிக்கொண்டால்தான் பிள்ளைக்குத் தூக்கம் வரும். பச்சை வெள்ளைக் கோடு போட்ட சட்டை. கத்தோலிக்கர்கள் கொண்டாடும் அணி. இந்தத் தெருவில் அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் பல் மிஞ்சாது. பால் கொட்டியதென்று நோர்மா அதை அலசினாள். அலசிய கையோடு, பழக்கத்தில், கொல்லைக் கொடியில் போட்டுவிட்டாள். ஜூலை மாதத்தில்! நினைவு வந்து ஓடியபோது கொடியில் கிளிப் மட்டும்தான் இருந்தது. எடுத்தவன் யார்? யாரிடமெல்லாம் சொன்னானோ? ஜன்னலில் கல் விழுமா? அன்று முழுக்கப் பிள்ளையை வாசல் பக்கமே விடவில்லை.

மறுநாள் காலை, சொக்கப்பனை அடுக்குகிறவர்களுக்குத் தலைவனான டெரிக் வந்தான். தோளில் தலையில்லாத பொம்மை. அதன் மேல் அந்தச் சட்டை.

"பாத்தியா அக்கா! பசங்க எங்கயோ சுட்டுட்டு வந்தானுங்க. எங்கடான்னா சிரிக்கிறானுங்க. ஜோரா எரியும். நீ தலைய மட்டும் போட்டுக் குடு."

"வச்சிட்டுப் போ. அப்புறம் தரேன்."

"இருந்து வாங்கிட்டே போறேன். ஒரு டீ போடேன்."

டீயைக் கொடுத்துவிட்டுத் தைக்க உட்கார்ந்தாள். ஊசி இரண்டு தடவை விரலில் ஏறியது. அப்போதுதான் மாடியிலிருந்து கீவா இறங்கி வந்தாள்.

"அடடே, யாரு இந்தக் குட்டி? பேரென்ன?"

பிள்ளை சட்டையைப் பார்த்தாள். பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"ஏமி."

டெரிக் பொம்மையைத் தூக்கி ஆட்டினான். "இவன் யாரு தெரியுமா ஏமி?"

"தெரியாது," என்றாள் கீவா. குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

டெரிக் சிரித்துக்கொண்டே டீயை உறிஞ்சினான். இப்படிச் சொல்லத்தானே நோர்மா பிள்ளையிடம் கெஞ்சினாள்? இப்போது அவளால் தலை நிமிர முடியவில்லை.

கீவா சட்டையைத் தொடவில்லை. பெரியம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஊசியில் நூல் தீர்ந்ததும், புது நூலை எடுத்து நீட்டினாள்.