ராஜ வூட்டு வியாதி

எழுபதுகளில் வில்லியனூர் கடைத்தெருவில் எங்களுக்கு மளிகைக் கடை. அதன் பின்கட்டில்தான் வீடு. மகன் தவழ ஆரம்பித்ததுமே முட்டி நீலம் பாரித்து வீங்கும். ஈறில் கசிந்த ரத்தம் லேசில் நிற்காது. மாமியார் வேண்டாத சாமி இல்லை. "எவ வழியா வந்த பீடையோ, தெரிஞ்சா அன்னிக்கே அவள அவ வூட்டுக்கு மூட்ட கட்டி அனுப்பிடுவேன்" என்பார். அந்த வீட்டுக்கு வெளியிலிருந்து வந்தவள் நான் ஒருத்திதான்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வியாதியின் பெயரைச் சொன்னார். எங்கள் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து ஆறுதலாக ஒரு கதையும் சொன்னார். இங்கிலாந்தை ஆண்ட ஒரு ராணியின் மகனுக்கு இதே வியாதி. பிறகு ஜெர்மனி, ரஷ்யா, ஸ்பெயின் அரண்மனைகளிலும் ரத்தம் நிற்காத இளவரசர்கள் பிறந்தார்கள். அவர்களும் நம்ம ஊர்ப்பக்கத்து ஆட்களைப் போலச் சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்தவர்களாம். ரஷ்ய இளவரசன் கீழே விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளவே ஒரு மாலுமியை வேலைக்கு வைத்திருந்தார்களாம். என் கணவர் வாய் பிளந்து கேட்டார்.

அவர் மருந்து வாங்கப் போனதும் டாக்டரம்மா குரலைத் தணித்தார். "உங்க பக்கத்துல யாருக்காவது இருந்துச்சாம்மா?"

பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்காமல் செத்தவன் என் தம்பி. ஜுரத்தில் போனான் என்று சொல்லித்தான் என்னை இங்கே கட்டிக் கொடுத்தார்கள். டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொன்னேன்.

"அப்போ உங்க வழியாதான் வந்திருக்கு. அந்த ராணியோட பொண்ணுங்களும் இப்படித்தான் போன வூட்டுக்கெல்லாம் கொண்டு போனாங்க" என்றார்.

பஸ்ஸில் கணவரிடம் சொல்ல வாயெடுத்தேன். "ராஜ வூட்டு வியாதி, பாத்தியா" என்று அவர் பூரித்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டேன்.

அதன்பின் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பருப்போடு இந்தக் கதையையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். "நம்மள ஆண்டது பிரெஞ்சுக்காரன். வியாதி மட்டும் இன்னா இங்கிலீஷ்காரன் வூட்லேருந்து வந்துச்சு?" என்று ஒருவர் கிண்டலடித்தார். மாமியார்கூடப் பேரனை "எங்க இளவரசன்" என்று கொஞ்சினார். பிள்ளை வலியில் முனகினால் ஈரத்துணி வைப்பேன். கொடுப்பதையும் கொடுத்துவிட்டு வைத்தியமும் பார்க்கிறேனே என்று என்மேலேயே வெறுப்பாக வரும்.

பாதி நாள் பள்ளிக்கூடம் போக முடியாத மகன் கிடைத்த புத்தகத்தையெல்லாம் படித்தான். அந்த ராஜ குடும்பங்களில் யாருக்கு யார் மாமன், எவள் எங்கே வாழ்க்கைப்பட்டாள் என்பதெல்லாம் எங்கள் உறவுமுறையைவிட அவனுக்கு அத்துப்படி. ஒரு நாள் நேராகவே கேட்டான், மாமா எப்படிச் செத்தார் என்று. அவனிடம் பொய் சொல்ல வரவில்லை. சொன்னேன். எழுந்து போய்ப் புத்தகத்தைப் புரட்டினான்.

கொஞ்ச நாளில், கணவர் கடையில் வழக்கம்போலக் கதையைத் தொடங்க, சாமான் வாங்க வந்த வாத்தியார் ஒருவர் குறுக்கிட்டார். "அது தாய் வழியாதாங்க வரும். உங்க சம்சாரம் வூட்ல யாருக்காச்சும் இருந்துச்சா?"

மாமியார் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கதவுக்குப் பின்னால் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளையை இங்கே விட்டுவிட்டு என் அம்மா வீட்டுக்குக் கரையாம்புத்தூர் பஸ் ஏற வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அரிசி மூட்டைமேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மகன் வாயைத் திறந்தான். "எப்பவும் அப்டி இல்ல சார். அந்த ராணிக்கு முன்னாடி அவங்க வூட்ல யாருக்கும் இல்ல. தானா வந்துச்சு. எனக்கும் அப்டித்தான்."

"படிக்கிற புள்ள, சரியாத்தான் சொல்லுவான்" என்று கணவர் மறுபடி எடை போட ஆரம்பித்தார்.

மதியம் அவனுக்குச் சோறு போடும்போது கேட்டேன். "இன்னாத்துக்குடா அப்டி சொன்ன?"

அவன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "அந்த ராணிய யாரும் வூட்ட வுட்டு அனுப்ப முடியாதும்மா. உன்ன அனுப்பிடுவாங்க."

அந்த வயதில் அவன் தன் ரத்தத்துக்குப் பயந்திருக்க வேண்டியவன். எனக்காகப் பயந்துகொண்டிருந்தான்.