விளக்குச் சுடர் சாய்ந்தால்

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருடம் நாங்கள் காஜா பேராங்கில் குடியிருந்தோம். தெங்கேரா கடல் நடந்து போகிற தூரம்தான். வேலைக்குப் போகும் முன் ஒரு மரப்பலகையில் குப்புறப் படுத்து அலைமேல் சறுக்கி வருவதில் எனக்கு அப்படியோர் ஆசை. எங்கள் கடல் பெரும்பாலும் குளம் போலக் கிடக்கும். மேற்கே சுமத்திராப் பக்கமிருந்து காற்று அடித்தால்தான் அலை எழும்பும்.

அதைத் தெரிந்துகொள்ள நான் கரைக்குப் போனதில்லை. விடிந்ததும் முருகன் படத்துக்கு முன் விளக்கேற்றி, மேற்கு ஜன்னலைத் திறப்பேன். சுடர் சாய்ந்தால் அலை உண்டு. அணைந்துவிட்டால் காற்று மோசம், போகக்கூடாது. முருகனுக்கும் என் மனைவிக்கும் நான் கொடுத்திருந்த வாக்கு அது.

ஒருநாள் சுடர் பட்டென்று அணைந்தது. அலையின் இரைச்சலோ வீட்டுக்குள்ளேயே கேட்டது. அந்த வருடம் அப்படி ஓர் அலை வந்ததே இல்லை. மெதுவாக நெருப்புப் பெட்டியை எடுத்தேன்.

பின்னால் மனைவி நின்றிருந்தாள். அவளுக்கு அப்போது எட்டு மாதம்.

“ஏங்க, சாமிய ஏமாத்தப் பாக்குறீங்களா, என்னையா?”

“எண்ணெய் கொறஞ்சிருக்கும்மா.”

“இப்பதானே ரொப்புனேன்! சரி, ஏத்துங்க பாப்போம். ஜன்னல் தெறந்தே இருக்கட்டும்.”

ஏற்றினேன், அணைந்தது. மறுபடி ஏற்றினேன், மறுபடியும் அணைந்தது. அவள் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஜன்னலைச் சாத்தி, விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, அங்கேயே தரையில் படுத்துக்கொண்டேன். கண்ணை மூடினால் அந்த இரைச்சல் என்னைத் தூக்கித் தூக்கி இறக்கியது. வீடே மெல்ல மிதந்தது. அவள் பக்கத்தில் வைத்த காப்பி ஆறிப்போகும்வரை நான் கரையேறவில்லை.