முள்மரத்தில் ஒரு பைஜாமாத் துண்டு

"இந்த ஊர்ல பொறந்தும் பைத்தியம் பிடிக்காத ஒரே ஆள் நான்தான். அந்த மரத்துல ஒருத்தர் வேண்டுதலையும் என் கத்தரி விட்டுவெச்சதில்ல, விடவும் விடாது!"

மதுக்கடையில் ஹெட்லி வவுல்ஸ் இப்படி முழங்கியபோது பாதி ஊர் சாட்சியாக இருந்தது. மீதிப் பாதி தியானத்தில் இருந்தது.

இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் கிளாஸ்டன்பரிக்குக் கோடையில் பாட்டு விழாவுக்கென்று வரும் கூட்டம் சேறு காய்வதற்குள் போய்விடும். குளிர்காலத்தில் வருகிறவர்கள்தான் ஆபத்தானவர்கள். ஞானம் கிடைக்காமல் நகரமாட்டார்கள். குன்றடி முள்மரத்தில் ஆளுக்கொரு துணிக்கீற்றைக் கட்டுவார்கள். துணி மக்கினால் வேண்டுதல் பலிக்குமாம். நைலான் மக்காது, கிளையை நெரிக்கும். ஆகவே பழத்தோட்டங்களில் கிளை கழித்துக் கவாத்து செய்து பிழைக்கும் ஹெட்லி, ஒவ்வொரு ஜனவரியிலும் ஏணியோடு வந்து அத்தனையையும் அறுத்தெறிவார். மரத்துக்கு அவர் செய்யும் தொண்டு அது.

இந்த ஜனவரியில் அவர் வந்த அன்று, மனைவி கிளெனிஸுக்கு ஆஸ்பத்திரியில் இதய அறுவை சிகிச்சை. "நீ நடக்கிற நடையில நர்சுங்களுக்குத் தலை சுத்துது. போய் எதையாவது வெட்டு, போ!" என்று அவளே துரத்திவிட்டிருந்தாள்.

ஏணியைப் பிடித்துக்கொண்டது நான். ஸ்படிகக் கடைக்காரனுக்குக் குளிர்காலத்தில் வேறென்ன வேலை? ஹெட்லி ஏறுவார், இரண்டு கீற்று அறுப்பார், இறங்கிப் போனைப் பார்ப்பார், மறுபடி ஏறுவார்.

"யோவ், போனை மேலேயே கொண்டு போயேன்."

"மேல கையில கத்தரி இருக்குடா, மடையா."

லீட்ஸிலிருந்து அமைதி தேடி வந்திருந்த ஊதா அங்கிப் பெண் ஒருத்தி அலறிக்கொண்டு ஓடிவந்தாள். "ஐயோ, அது என் வேண்டுதல்! நேத்துதான் கட்டினேன்!"

"கண்ணு, இது ஷூ லேஸ். இது மக்கறதுக்குள்ள இங்கிலாந்தே மக்கிடும்."

"உங்களுக்கு வேண்டிக்க ஒண்ணுமே இல்லையா?"

ஹெட்லி போனைப் பார்த்தார். "இருக்கறவங்க பருத்தியில கட்டட்டும்" என்று மரத்தின் பின்பக்கம் போனார்.

அங்கே கத்தரிச் சத்தம் நின்றுபோனது. எட்டிப்பார்த்தேன். தாழ்ந்த கிளையில் நீலக் கட்டம் போட்ட ஒரு துணிக்கீற்று.

"என் பைஜாமா" என்றார். "எலி கடிச்சிடுச்சுன்னு சொன்னா."

கிளெனிஸ் எதைக் கட்டினாலும் இறுக்கித்தான் கட்டுவாள். முடிச்சு அழுத்திக் கிளையின் பட்டை ஏற்கெனவே வெட்டுப்பட்டிருந்தது. ஹெட்லி கத்தரியைப் பையில் போட்டார். விறைத்த விரல்களால் முடிச்சை அவிழ்க்க வெகுநேரம் பிடித்தது. அதுவரை ஒருமுறைகூடப் போனைப் பார்க்கவில்லை. பிறகு பக்கத்திலிருந்த தடித்த கிளையில் அந்தத் துணியைச் சுற்றிக் கட்டினார்.

ஊதா அங்கி கிட்டே வந்தது. "அது பருத்தியா?"

"பருத்திதான்."

கிளை வளர இடம் இருக்கிறதா என்று கட்டுக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் தளர்த்திக் கட்டினார்.