கோடை ரோட்டில் கோடை இல்லை

கோடை ரோடு ரயில் நிலையத்துக்குப் பெயர் வைத்தவன் யாரென்று தெரிந்தால், அவன் சமாதியைத் தேடிப் போயாவது நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பேன். மலைமேல் இருக்கிற கோடைக்கானலின் பெயரைக் கீழே சமவெளியில் ஒட்டிவிட்டுப் போய்விட்டான். அங்கே இறங்கி, வத்தலக்குண்டு வந்து, பஸ்ஸில் குடல் புரள ஏறினால்தான் கோடை. கோடைக்குப் பக்கத்துப் பேத்துப்பாறையில் பூண்டு போடும் எங்களுக்கு இது சின்ன வயசிலேயே பாடம். ரயில்காரன் சொல்லும் ஊர், ரயில் நிற்கும் இடத்தில் இருக்காது.

போன வருஷம் அப்பாவை இதய ஆபரேஷனுக்காகப் பட்டணத்தில் சேர்த்திருந்தேன். ஆஸ்பத்திரி வாசலுக்கு நேர் கீழே மெட்ரோ நிலையம். முதலில் அதற்கு ஆனைக்குளம் என்று பெயர் போட்டார்களாம். தூர்ந்துபோன குளத்தின் பெயர் வெளியூர் நோயாளிக்கு எப்படித் தெரியும் என்று தெருக்காரர்கள் மனு மேல் மனு கொடுத்து, 'பெரிய ஆஸ்பத்திரி' என்று மாற்றவைத்தார்களாம். டீக்கடைக்காரர் பெருமையாகச் சொன்னார். நல்ல பெயர்தான், யார் இல்லையென்றது?

ஆபரேஷன் திடீரென்று முந்திவிட்டது. காலை பத்து மணிக்கு என்றார்கள். அம்மா தனியாக ரயிலேறி வந்துகொண்டிருந்தாள்.

"மெட்ரோவுல ஏறி ஆஸ்பத்திரியில எறங்கும்மா. வாசல்லயே விட்ரும்" என்று போனில் சொல்லியிருந்தேன்.

அவளைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன் என்று அப்பா அடம்பிடித்தார். ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்போதும், "ஒங்கம்மா வந்துட்டாளா?" என்றார்.

"இந்தா வந்துருச்சுப்பா" என்று பொய் சொன்னேன்.

அம்மா வந்தபோது மணி பதினொன்று. கடைசி நிலையம் வரை போய்த் திரும்பியிருந்தாள். வராந்தா என்றும் பார்க்காமல் கத்தினேன்.

"பெரிய ஆஸ்பத்திரின்னு ரயில்ல சொன்னாங்கள்ல? காதுல விழுகலையா?"

"விழுந்துச்சுப்பா. கோடை ரோட்டுல எறங்குனா கோடையா வந்துருது? பேரு மட்டுந்தேன், ஆஸ்பத்திரி தள்ளிக் கெடக்கும்னு உக்காந்துட்டேன். கட்டடம் கண்ணுல படட்டும்னு சன்னலையே பாத்துக்கிட்டு வந்தேன். ஒரே இருட்டு."

தரைக்குக் கீழே போகிற ரயிலில் கட்டடம் எப்படித் தெரியும்! மனுக் கொடுத்தவர்கள் மேல் தப்பில்லை. அந்தப் பெயரைக் கேட்டதும் இறங்கு என்று சொல்லித் தொலைக்காத நான்தான் மடையன். நானும் பேத்துப்பாறைக்காரன்தானே, எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

"சத்தம் போடாதலே. அவுக வெளிய வரட்டும், நானே சொல்லிக்கிறேன்" என்றாள் அம்மா.

மூன்று மணிக்கு அப்பாவை முகம்வரை வெள்ளைத்துணி போர்த்திக் கொண்டுவந்தார்கள். அம்மா துணியை விலக்கி, அவர் காதருகே குனிந்து, எந்த இடத்தில், ஏன் இறங்காமல் விட்டாள் என்பதை ஒன்று விடாமல் சொன்னாள்.