இப்படியும் அப்படியும் ஆடும் தலை

1986 மார்ச். சுவிட்சர்லாந்தின் பீல் ரயில் நிலைய உணவகத்தில் சூரிச் வண்டிக்காகக் காத்திருக்கிறேன். பக்கத்து மேசையில் இரண்டு அமெரிக்கர்கள், அண்ணனும் தம்பியும். இருவரும் ஒரே வலதுசாரிக் கட்சிதான், இருந்தும் சண்டை. மத்திய அமெரிக்காவில் கம்யூனிஸ்டுகளை எதிர்ப்பவர்களுக்கு ஆயுதம் கொடுக்க வேண்டும், அங்கிருந்து தப்பி வருபவர்களையும் ஏற்க வேண்டும் என்கிறார் அண்ணன். ஊரான் போரும் வேண்டாம், ஊரானும் வேண்டாம் என்று மேசையைத் தட்டுகிறார் தம்பி.

மேசை துடைக்க வந்த யாழ்ப்பாணத்துச் சிவத்திடம், "நான் சொல்வது சரிதானே?" என்று ஆளுக்கொரு முறை கேட்கிறார்கள். சிவம் இருவருக்கும் நம் வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறார். அதை மறுப்பென்று எண்ணி இருவர் முகமும் வாடுகிறது.

எனக்குச் சிரிப்பு வருகிறது. "ரெண்டு பேருக்கும் ஆமாம் போட்டீங்களா?"

"ஓம் அண்ணை. ஆனா சிரிக்காதேங்கோ. அகதி விசாரணையில, திரும்பிப் போகப் பயமோ எண்டு கேட்டவை. இப்பிடித்தான் தலையாட்டினனான். இல்லை எண்டு எழுதிப்போட்டினம். முடிவு இன்னும் வரேல்லை."

அண்ணனுக்கும் தம்பிக்கும் நான் இதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்கிறேன்.

வண்டி வருகிறது. அண்ணன் பெட்டியோடு முன்னால் நடக்கிறார். தம்பி மட்டும் நின்று, தணிந்த குரலில் கேட்கிறார்: "இங்கேயே இருக்க ஆசையா?"

சிவம் துணியைத் தோளில் போட்டு, இரண்டு கைகளாலும் தன் தலையை அசையாமல் பிடித்துக்கொள்கிறார்.

"யெஸ்."

தம்பியின் தலை, பழக்கமில்லாமல், இப்படியும் அப்படியும் ஆடுகிறது.