பட்டில் பிடிக்காத கை

என் கையை நானே நம்பாமல் இருந்த காலம் அது. மாத்திரை தொடங்கிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. குளித்துவிட்டு வந்ததும் ஜன்னல் பக்கம் போய்க் கையை விரித்துப் பார்ப்பேன். புறங்கை நரம்பு உண்மையிலேயே அடங்கியிருக்கிறதா, அல்லது இன்று மழை பெய்து குளிர் கூடியதாலா? தோல் மென்மையாகியிருக்கிறதா, அல்லது சோப்பை மாற்றினேனே, அதனாலா? விரல்களின் மேலிருந்த முடி மெலிந்து பழுப்பாகியிருந்தது. அதையும் வெளிச்சத்தின் வேலை என்றே சொல்லிக்கொண்டேன். ஆசைப்படுகிறவர்களின் கண்ணை நான் நம்புவதில்லை, அது என் சொந்தக் கண்ணாக இருந்தாலும்.

டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். "எல்லு சுருங்ஙில்ல கேட்டோ. தொலி மாறும், அத்ரயே உள்ளூ." எலும்பு சுருங்காது, தோல்தான் மாறும், அவ்வளவுதான். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கோ, நாளைக்கு நான் வந்து கேள்வி கேட்டுவிடக் கூடாதென்று இப்போதே கதவைச் சாத்துகிறாரோ என்று பட்டது.

சாலை என்கிற பழைய கடைத்தெருவில், ஒரு பெரிய துணிக்கடையில் பட்டு செக்‌ஷனில் எனக்கு வேலை. கடை தமிழர்களுடையது, வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் கல்யாண வீட்டு மலையாளிகள். அங்கே சேலை விற்பது ஆண்கள்தான். வெள்ளை மெத்தையில் சேலையை விரித்து, முந்தியைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் திரும்பி நின்று காட்ட வேண்டும். பெரிய மீசைக்காரர்கள்கூட அதைக் கூச்சமில்லாமல் செய்வார்கள். தொழில் என்பதால் யாரும் சிரிப்பதில்லை. கடையில் எல்லோருக்கும் நான் ஆண்தான். என் பெயரும் சட்டையும் அப்படித்தான் இருந்தன. ஆனால் பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, தோளில் சேலை போட்டுக்கொள்ள இந்த உலகத்தில் எனக்கிருந்த ஒரே இடம் அந்த மெத்தைதான். அதற்குச் சம்பளம் வேறு கொடுத்தார்கள். அந்த இடம் போய்விடக் கூடாது என்பதுதான் என் பயமெல்லாம்.

பட்டு செக்‌ஷனில் சில கட்டுப்பாடுகள் உண்டு. மோதிரம் கூடாது. கையில் கிரீம் எதுவும் கூடவே கூடாது, பட்டில் பிசுக்கு பட்டால் போகாது. அதற்காகக் கை சொரசொரப்பாக இருந்தாலும் ஆபத்து. நகக்கண்ணில் தோல் கொஞ்சம் உரிந்திருந்தால் போதும், இழை மாட்டி 'சர்'ரென்று இழுக்கும். எனக்கு அது அடிக்கடி நடக்கும். பட்டுக்கு வருவதற்கு முன்னால் கிடங்கில் துணிக்கட்டு தூக்கிக் காய்த்துப்போன கை என்னுடையது.

ஒரு மதியம் சிவப்புப் பட்டு ஒன்றை மடித்துக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன், அந்தச் சத்தத்தைக் கேட்டு வெகுநாளாகிறது. உள்ளங்கையை முந்தியின் மேல் மெதுவாக ஓட்டினேன். பிடிக்கவில்லை. விரல் நுனிகளை ஓட்டினேன். பிடிக்கவில்லை. டாக்டர் என்னைச் சமாதானப்படுத்தலாம், கண் என்னை ஏமாற்றலாம். பட்டுக்கு என்மேல் இரக்கமும் இல்லை, பகையும் இல்லை. அன்றுதான் நம்பினேன். அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஒரு கல்யாண வீட்டாருக்கென்று எடுத்துவைத்திருந்த பட்டில், பார்டர் ஓரமாக, விரல் அகலத்துக்கு எண்ணெய்க் கறை. சூப்பர்வைசர் எங்களை வரிசையாக நிறுத்திக் கையை நீட்டச் சொன்னார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சாலையிலேயே தலை நரைத்தவர். சொந்த நிழலையே இரண்டு தடவை திரும்பிப் பார்க்கிற மனுஷன். அந்தக் கறை யாருடையது என்று இன்றுவரை தெரியாது. சாயங்காலம் வடை தின்றுவிட்டுக் கையைச் செய்தித்தாளில் துடைக்கிற அவர்மேலேயே எனக்கு ஒரு கண் உண்டு.

என் கை வந்ததும் நின்றுவிட்டார். கட்டைவிரலால் உள்ளங்கையை அழுத்தினார். மோந்து பார்த்தார்.

"என்னலே தேய்க்கே?"

"ஒண்ணுமில்லண்ணே."

"கள்ளம் பறயாத. போன வருஷம் ஒங்கை செரட்டை மாதிரி கெடந்துது. இப்பப் பச்சப்பிள்ள கையாட்டம் இருக்கு."

"சோப்புதாண்ணே. கிரீம் வாங்க நான் கடைப்பக்கமே போனதில்ல," என்றேன். அவர் கடையைப் பற்றிக் கேட்கவே இல்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று நானாகவே சொன்னதுபோல் ஆயிற்று.

அன்றிலிருந்து அவர் கண் என் கையை விட்டு அகலவில்லை. திடீரென்று வந்து பில் காகிதத்தை என் உள்ளங்கையில் வைத்து அமுக்கி, விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஒன்றும் இருக்காது. அதனாலேயே அவர் சந்தேகம் கூடியது. முன்பு ஒரே மூச்சில் தூக்கிய துணிக்கட்டை நான் இரண்டு தடவையாக எடுத்து வைப்பதையும் பார்த்துவிட்டார். என் சந்தேகமும் சும்மா இருக்கவில்லை. "கை நல்லா இருக்கே" என்று பக்கத்து மெத்தைக்காரர் சொன்னால், இவனுக்கு என்ன தெரியும் என்று மனம் துருவும். கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் யாராவது ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாலும் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

கடைசியில் ஒரு நாள் அவர் என்னை மாடிப்படிப் பக்கம் தனியாகக் கூப்பிட்டார்.

"இந்தா பாருலே. ஒன்ன வேட்டி செக்‌ஷனுக்கு மாத்தணும்னு மொதலாளிட்ட சொல்லப் போறேன். சொல்லாம இருக்கணும்னா ஒரு காரியம் செய்யி. அந்தக் கிரீம் பேர மட்டும் சொல்லு, அது போதும். எம் பொண்டாட்டிக்குக் கை முழுக்க வெடிச்சுக் கெடக்கு. எதத் தேய்ச்சும் கேக்கல்ல."

கேட்டுவிட்டுக் கூச்சத்தோடு வேறு பக்கம் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. உடனேயே பயமும் வந்தது. வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொல்லிவிடலாம். ஆனால் பெயரைச் சொன்னால் கிரீம் தேய்த்ததை ஒப்புக்கொண்டதாகும், கறையும் என் தலையில் விழும். உண்மையைச் சொன்னால் வேட்டி செக்‌ஷன்கூட மிஞ்சாது. பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை. பொய்யைத்தான் தேர்ந்தெடுத்தேன். வாயைத் திறந்தபோது எங்கிருந்தோ ஒரு கோபம் வந்தது. இத்தனை நாள் காத்திருந்து என் உடம்பு எனக்குக் கொடுத்த முதல் பொருள் இது. இதை ஏதோ ஒரு டப்பாவின் புண்ணியம் என்று என் வாயாலேயே சொல்ல மனம் வரவில்லை.

"கிரீம் இல்லண்ணே, மாத்திரை."

"கைக்கு மாத்திரையா?"

"கைக்கு இல்ல. பொம்பளையா மாறுததுக்கு. டாக்டர் எழுதித் தந்தது. கையும் அதுலதான் மாறிச்சு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பேரச் சொல்ல மனசில்லன்னா சொல்லாம இருலே. அதுக்குன்னு இப்பிடியொரு கதையா?"

நான் கையை மட்டும் நீட்டினேன். தொட வந்த அவர் கை பாதியிலேயே நின்றது. பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவர் நம்பியது அப்போதுதான்.

"மொதலாளிக்குத் தெரியுமா?"

"ஒங்களுக்கு மட்டுந்தான் தெரியும்."

தன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அது வடை தின்ற பழக்கமா, அருவருப்பா என்று வீடு போய்ச் சேரும்வரை குழம்பினேன்.

மறுநாள் என்னை யாரும் வேட்டிப் பக்கம் போகச் சொல்லவில்லை. கல்யாண சீசன் முடியட்டும் என்று காத்திருக்கிறார், அதன் பிறகு சொல்லுவார் என்று நினைத்தேன். அவரும் என்னோடு ஒட்டாமல்தான் பேசினார். எங்கள் பக்கத்தில் ஆணை 'லே' போட்டுக் கூப்பிடுவார்கள், பெண்ணை 'ளா' போட்டு. அவர் என்னிடம் 'லே'யை விட்டுவிட்டார். "அந்தப் பச்சைய எடு" என்பார், அதோடு வாய் மூடிக்கொள்ளும். பல் விழுந்த இடம் மாதிரி அவர் பேச்சின் கடைசி காலியாக இருந்தது. முதலாளி "அவன் வந்தாச்சா?" என்று தமிழில் கேட்டால், இவர் "வந்நு" என்று மலையாளத்தில் பதில் சொன்னார். நாள் முழுக்க என்னைப் பற்றி யார் கேட்டாலும் மலையாளம்தான். எனக்குத் தெரியாமல் என்னவோ பேசிக்கொள்கிறார்கள் என்று முதலில் பட்டது. மலையாளம் எனக்கு நன்றாகத் தெரியுமே! பிறகுதான் உறைத்தது. 'வந்நு' என்பதில் வந்தானும் இல்லை, வந்தாளும் இல்லை.

அந்த வாரக் கடைசியில் ஒரு கல்யாணக் கூட்டம் வந்தது. மாம்பழ நிறப் பட்டை எடுத்து முந்தியைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். வழக்கமாக சூப்பர்வைசர் வந்து என் தோளிலேயே கை வைத்து முந்தியைச் சரிசெய்வார். அன்று ஒரு கை தூரத்தில் நின்றார்.

"முந்திய கொஞ்சம் எறக்கிப் போடு," என்றார். கொஞ்சம் நின்று, தொண்டைக்குள்ளேயே, "போடுளா," என்றார்.

கேலியா என்று கண்ணாடியில் அவர் முகத்தைத் துருவினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பக்கத்து மெத்தையை, கேஷ் கவுண்டரை, வாசலை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார், யார் காதிலாவது விழுந்துவிட்டதோ என்று.