டிரம்ஸை விட்டு எழாத தூலா

தூலாவுக்குப் பதினான்கு வயதானபோது பின்லாந்தில் எங்கள் யாம்ஸா ஊர் இளைஞர் மன்றத்துக்கு ஒரு டிரம்ஸ் வந்தது. அதன் முன்னால் பையன்கள் முண்டியடித்து நின்றார்கள். தூலா அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. ஐஸ் ஹாக்கி ஆட்டம் நடக்கும் நேரமாகப் பார்த்து, மன்றம் காலியாக இருக்கையில் போய் உட்கார்ந்தாள். ஒரு குளிர்காலம் முழுக்க அப்படியே போனது. ஏரியில் பனி உருகிப் பையன்கள் மன்றத்துக்குத் திரும்பியபோது அவர்களில் ஒருவனாலும் அவளைப்போல அடிக்க முடியவில்லை.

பகலில் ரொட்டிக்கடையில் மாவு பிசைந்தாள். சனிக்கிழமைகளில் ராக் குழுவில் அடித்தாள். முதல் குழுவில் இருவரைக் கட்டாய ராணுவப் பயிற்சி கொண்டுபோனதும் அது கலைந்தது. இரண்டாவது குழுவில் பின்பாட்டும் பாடினாள். மூன்றாவது, கிதார்காரன் பென்டியின் குழு. எழுபத்தெட்டாம் ஆண்டு கோடையில் அதன் பாடகன் யோர்மாவுக்கு ஸ்வீடனில் கார் தொழிற்சாலை வேலை கிடைத்தது. யாரிடமும் சொல்லாமல் கப்பலேறிவிட்டான்.

அந்த வார ஒத்திகையில் தூலா அடித்துக்கொண்டே பாடினாள். பென்டிக்குக் குரல் பிடித்துவிட்டது. வம்பே அதில்தான் தொடங்கியது. பாடுபவள் மேடையின் முன்னால் வந்து நிற்க வேண்டும், டிரம்ஸுக்குத் தன் சித்தப்பா மகன் கலெவி இருக்கிறான் என்றான் பென்டி.

“நான் எந்திரிக்க மாட்டேன்” என்றாள் தூலா.

“பாடுறவ மூஞ்சி தெரிய வேணாமா? நீ அங்க உக்காந்தா நெத்திதான் தெரியுது.”

“என் நெத்திக்கு என்னடா குறைச்சல்?”

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். ஏரிக்கரை நடன மண்டபத்தை நடத்தும் அய்லி அம்மாள், டாங்கோ நடன இசை வாசிக்கும் அக்கார்டியன்காரர்களுக்கு நடுவில் ஒரு சனிக்கிழமையை இவர்களுக்குக் கொடுத்திருந்தார். அன்று தூலா இரண்டையும் சேர்த்துச் சமாளித்தால் டிரம்ஸ் அவளுடையது. சொதப்பினால் அடுத்த வாரமே கலெவி உட்காருவான். அந்தச் சனிக்கிழமை கலெவியும் கால்சட்டைப் பையில் குச்சிகளைச் செருகிக்கொண்டு மண்டபத்துக்கு வந்து சேர்ந்தான்.

எங்கள் நடன மண்டபங்களில் ஒரு பெண்ணை ஆடக் கூப்பிட்டால் அவளோடு இரண்டு பாட்டுக்கு ஆட வேண்டும். பிறகு இசை நிற்கும். அவளை அவள் இடத்தில் கொண்டுபோய் விட்டு, நன்றி சொல்லிவிட்டு வர வேண்டும். இசை ஓடும்போது ஜோடியை நடுவில் விட்டுப் போனவனோடு அப்புறம் ஊரில் ஒருத்தியும் ஆட மாட்டாள்.

தூலாவுக்கு இது தெரியாததல்ல. ஆனால் இதுவரை அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டவன் யோர்மா. தண்ணீர் குடிப்பான், காலரைச் சரிசெய்வான், அதற்குள் ஜோடிகள் மாறிவிடும். டிரம்ஸ் அடிப்பவளின் பழக்கமோ தாளத்தை விழவிடாமல் இருப்பது. இரண்டாவது பாட்டு முடிந்த கையோடு குச்சிகளைத் தட்டி மூன்றாவதைத் தொடங்கினாள். மற்றவர்கள் பதறிப் பின்னால் ஓடினார்கள். அது முடிந்ததும் முடியாததுமாக நான்காவது.

ஆடுதளத்தில் இருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். மருந்துக்கடை அம்மாளின் காலை மிதித்துக்கொண்டிருந்த மரவியாபாரி தொடர்ந்து மிதித்தார். விவாகரத்தான ஒருவர் மரியாதைக்காக முன்னாள் மனைவியைக் கூப்பிட்டிருந்தார். இரண்டு பாட்டைப் பேசாமல் ஓட்டிவிட்டார்கள். மூன்றாவதில் பேச வேண்டியதாயிற்று. கலெவி ஒரு தபால் அலுவலகப் பெண்ணோடு ஆடிக்கொண்டிருந்தான். ஓடிப்போய்ப் பென்டியிடம் சொல்லத் துடித்தான். கையிலிருப்பவளை விடவும் முடியவில்லை. மேடைப் பக்கம் சுற்றி வரும்போதெல்லாம் இரண்டு விரலைக் காட்டினான். தூலா அதை வாழ்த்தாக எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாக அடித்தாள்.

ஐந்தாவது பாட்டின் நடுவில்தான் அவள் கண் அய்லி அம்மாள் காபி விற்கும் மேசைப் பக்கம் போனது. அங்கே ஒருவரும் இல்லை. தளத்தில் எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. பாட்டை முடித்து, சிம்பல் தட்டைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

ஜோடிகள் நின்ற இடத்திலேயே மேடையைப் பார்த்தார்கள். யாராவது ஏதாவது சொல்ல வேண்டும். மேடையின் முன்பக்கம் காலியாகக் கிடந்தது. பென்டி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதுவரை தூலா எந்த மேடையிலும் கூட்டத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. மைக்கை இழுத்தாள்.

“தப்பு என்னோடதுங்க. ஆம்பளைங்க ஜோடியைக் கொண்டுபோய் விட்டுட்டுத் தண்ணி குடிங்க. அடுத்த ரெண்டு பாட்டு பொம்பளைங்க கூப்பிடுற முறை. காலு வலிக்கிறவங்க பழி வாங்கிக்கலாம்.”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மருந்துக்கடை அம்மாள் மரவியாபாரியைத் தாண்டி வேகமாக நடந்தார். தபால் அலுவலகப் பெண் நேராகக் கலெவியிடமே போனாள். விவாகரத்தானவரின் முன்னாள் மனைவி இரண்டு காபி வாங்கி வந்து ஒன்றை அவரிடம் நீட்டினாள்.

ஆட்டம் முடிந்ததும் அய்லி அம்மாள் மேடைக்கு ஏறி வந்தார். அவர் வாய் திறக்குமுன் பென்டி மன்னிப்புக் கேட்டான். அடுத்த வாரம் கலெவி அடிப்பான் என்றான்.

“எந்தக் கலெவி? எனக்கு இந்தப் பொண்ணுதான் வேணும்” என்றார் அய்லி. “பாதிப் பேர் மேடை ஓரமாவே ஆடினாங்க, இவளைப் பாக்கணும்னு. ஆனா ஏம்மா, அஞ்சு பாட்டுக்கு எனக்கு ஒரு காபி விக்கல. ரெண்டுக்கு ஒருதரம் மூச்சு விடு. கோடை முழுக்க வந்துடுங்க.”

தூலா அதன்பின் நான்கு குழுக்களில், பேரன் எடுத்த பிறகும், அடித்தாள், பாடினாள். எழுந்து நின்று பாடச் சொன்ன எவரோடும் சேரவில்லை. அந்த முதல் ஆட்டத்துக்கு அடுத்த சனிக்கிழமை மண்டபத்துக்கு முதலில் வந்தது பென்டி. டிரம்ஸை மேடையின் விளிம்புவரை இழுத்துவந்து, பெரிய டிரம் சறுக்காமல் இருக்க அதன் முன்னால் ஒரு பலகையை வைத்து, தானே ஆணி அடித்துக்கொண்டிருந்தான்.